காற்றோடு மல்லுக்கட்டிய போர்ஷே 917

1969 ஏப்ரல் 21. ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரத்தின் ட்சுஃபன்ஹவுசன் பகுதியில் இருக்கும் போர்ஷே தொழிற்சாலையின் முற்றம். அச்சில் வார்த்தது போல 25 பந்தயக் கார்கள் தோளோடு தோள் உரச வரிசையாக நிற்கின்றன. சர்வதேச மோட்டார் பந்தய ஆணையத்தின் ஆய்வாளர்கள் அவற்றை எண்ண வந்திருக்கிறார்கள். போர்ஷேயின் பந்தயப் பிரிவை நடத்திய ஃபெர்டினான்ட் பியெக், எந்தக் காரை வேண்டுமானாலும் எடுத்து ஓட்டிப் பாருங்கள் என்றார். அவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அவர்கள் ஓட்டிப் பார்க்காதது போர்ஷேக்கு நல்லதாகப் போயிற்று. அந்த 25 கார்களையும் குறித்த நாளுக்குள் பூட்டி முடிக்க, கைவினைஞர்களோடு அலுவலகத்தில் கணக்கு எழுதியவர்களும் தட்டச்சு செய்தவர்களும்கூட ஸ்பானர் பிடித்தார்கள். பல கார்களைப் பின்னால் மறுபடியும் பிரித்துப் பூட்டித்தான் பந்தயத்துக்கு அனுப்ப முடிந்தது. ஒரு மாதம் முன்பு வந்த ஆய்வாளர்கள் முழுசாக நின்ற சில கார்களையும், பாதி பூட்டிய கார்களையும், பாகங்களின் குவியலையும் பார்த்துவிட்டு, 25 காரும் கண்முன்னே நின்றால்தான் ஒப்புதல் என்று கறாராகச் சொல்லிப் போயிருந்தார்கள். அதனால்தான் இந்த அணிவகுப்பு.

ஏன் 25? அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1966, 1967 இரண்டு வருடமும் பிரான்சின் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை ஃபோர்டு 7 லிட்டர் இன்ஜினோடு வந்து வென்றது. வேகம் எல்லை மீறிப் போகிறது என்று கவலைப்பட்ட ஆணையம், 1968 முதல், பந்தயத்துக்கென்றே ஒன்றிரண்டாகக் கட்டும் 'புரோட்டோடைப்' கார்களின் இன்ஜின் 3 லிட்டரைத் தாண்டக் கூடாது என்றது. 5 லிட்டர் வரை ஓட்ட ஒரே ஒரு வழி இருந்தது: அந்தக் கார் குறைந்தது 50 தயாராகி, 'ஸ்போர்ட்ஸ் கார்' என்ற பிரிவில் வர வேண்டும். ஏற்கெனவே இருந்த ஃபோர்டு ஜிடி40, லோலா டி70 போன்ற கார்களைக் களத்தில் தக்க வைத்துக்கொள்ளத்தான் இந்தச் சலுகை. அப்புறம், வரும் கார்கள் போதவில்லை என்று 50-ஐ 25 ஆகக் குறைத்தார்கள்.

பழைய கார்கள் இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும் என்ற நினைப்பில் எழுதிய விதி அது. புத்தம் புதிதாக, பந்தயத்துக்கென்றே 25 கார்களை ஒருவர் கட்டுவார் என்று யாரும் நினைக்கவில்லை. அவ்வளவு பணத்தை யார் கொட்டுவார்கள்? பியெக் கொட்டினார். கம்பெனியை நிறுவிய ஃபெர்டினான்ட் போர்ஷேயின் மகள் வயிற்றுப் பேரன் அவர். அப்போது வயது 31. 1968 கோடையில் தொடங்கிய வேலை, 1969 மார்ச்சில் ஜெனீவா கார் கண்காட்சியில் 917 என்ற பெயரோடு மேடை ஏறியது. விலை 1,40,000 மார்க். ஒரு வருடம்கூட ஆகவில்லை. இந்த அவசரத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வந்த வினையெல்லாம் இதிலிருந்து முளைத்ததுதான்.

இன்ஜினை வடிவமைத்தவர் ஹான்ஸ் மெட்ஸ்கர். அவசரத்திலும் அவர் தெளிவாக இருந்தார். போர்ஷேயின் 3 லிட்டர் 908 காரில் 8 சிலிண்டர்கள். அதே அளவுச் சிலிண்டரை வைத்துக்கொண்டு எண்ணிக்கையை 12 ஆக்கினார், 4.5 லிட்டர் வந்துவிட்டது. ஆனால் பக்கத்துக்கு ஆறாக 12 சிலிண்டரைப் படுக்கப் போட்டால் கிராங்க் ஷாஃப்ட் என்ற சுழல் தண்டு நீண்டுவிடும். நீளமான தண்டின் ஒரு முனையில் விசையை எடுத்தால் மறுமுனை முறுக்கிக்கொண்டு அதிரும், ஒரு கட்டத்தில் உடையும். மெட்ஸ்கர் விசையை முனையில் எடுக்கவில்லை. தண்டின் நட்டநடுவில் ஒரு பற்சக்கரத்தை வைத்து அங்கிருந்து எடுத்தார். ஒரு நீளத் தண்டு, இரண்டு குட்டைத் தண்டுகள் போல நடந்துகொண்டது. தண்ணீரால் குளிர்விக்கும் ரேடியேட்டர் கிடையாது. இன்ஜின் தலைமேல் படுக்கைவாட்டில் சுழலும் பெரிய விசிறி ஒன்றே போதும். 1969-லேயே சுமார் 580 குதிரைத்திறன் கொடுத்தது. இந்த இன்ஜினில் ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொள்ளும்படி குறை ஒன்றும் இல்லை.

காரின் எலும்புக்கூடு அலுமினியக் குழாய்களால் ஆனது. எடை 50 கிலோவுக்கும் குறைவு. ஒரு ஆள் எடைகூட இல்லை. குழாயில் எங்காவது விரிசல் விட்டால் எப்படித் தெரியும்? குழாய்க்குள் வாயுவை அழுத்தி நிரப்பி, ஒரு அழுத்தமானியைப் பொருத்தினார்கள். முள் இறங்கினால் எங்கோ விரிசல் என்று பொருள். கியர் மாற்றும் தடியின் குமிழைக்கூட பால்சா மரத்தில் செய்தார்கள், சில கிராம் மிச்சமாகுமே என்று. 12 சிலிண்டர் இன்ஜின் பின்னால் இடத்தைப் பிடித்துக்கொண்டதால் ஓட்டுநர் முன்னால் தள்ளி உட்கார வேண்டியிருந்தது. அவருடைய பாதங்கள் முன்சக்கர அச்சையும் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தன. எதிலாவது மோதினால் முதலில் நசுங்குவது கால்கள்தான்.

இப்படி ஒரு காரில் ஏறியவர்கள் திரும்பி வந்து சொன்னது ஒன்றுதான்: வேகம் ஏறினால் இது ரோட்டில் நிற்க மாட்டேன் என்கிறது. மே மாதம் பெல்ஜியத்தின் ஸ்பா பந்தயத்துக்கு வந்த ஜோ சிஃபர்ட்டும் பிரையன் ரெட்மனும் பயிற்சியில் ஓட்டிப் பார்த்துவிட்டு, பழைய 908 போதும் என்று அதில் ஏறிக்கொண்டார்கள். அடுத்து ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பாதையில் கம்பெனி ஓட்டுநர்கள் ஒதுங்கிக்கொள்ள, வெளியிலிருந்து டேவிட் பைப்பரையும் ஃபிராங்க் கார்ட்னரையும் கூப்பிட்டு ஓட்ட வைத்தார்கள். எட்டாவதாக வந்து சேர்ந்தது. பயமே இல்லாமல் பிழைப்பு நடத்துகிறவர்கள் என்று நாம் நினைக்கும் ஆட்களே கைகூப்பி விலகினார்கள் என்றால் அந்தக் கார் எப்படி இருந்திருக்க வேண்டும்!

என்ன கோளாறு? ஆடி மாதக் காற்றில் கூரைத் தகரம் பிய்த்துக்கொண்டு பறப்பதைப் பார்த்திருப்போம். தகரத்தின் மேலே காற்று விரைந்து ஓடும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. கீழே இருக்கும் காற்று தகரத்தை மேலே தள்ளுகிறது. விமானத்தின் இறக்கையும் இப்படித்தான் எழும்புகிறது. மேல்பக்கம் வளைந்து அடிப்பக்கம் தட்டையாக இருக்கும் பழைய காலப் பந்தயக் கார் ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஓர் இறக்கைதான். இந்தத் தூக்கும் விசை வேகத்தின் வர்க்கத்தில் வளரும். 100 கி.மீ. வேகத்தில் இருப்பதைப் போல 300-இல் ஒன்பது மடங்கு. அதனால்தான் தொழிற்சாலை வாசலில் பசு போல நடந்த கார், லெ மான்ஸின் முல்சான் நேர்ப்பாதையில் வாலைத் தூக்கியது. பின்சக்கரங்களின் பாரம் குறைந்தால் பிடிமானம் குறையும். 580 குதிரைத்திறனைத் தரையில் இறக்க வேண்டிய சக்கரங்களே அவைதான்.

இது போர்ஷேயின் அறியாமையால் வந்த கோளாறு இல்லை என்பது என் கணிப்பு. அவர்களுடைய பழைய கெட்டிக்காரத்தனத்திலிருந்தே வந்தது. அதுவரை போர்ஷே ஓட்டியதெல்லாம் 3 லிட்டரைத் தாண்டாத சின்ன இன்ஜின்கள். பெரிய இன்ஜின்காரர்களை முந்த அவர்களிடம் இருந்த ஆயுதங்கள் இரண்டு: குறைந்த எடை, காற்றைக் கிழிக்கும் வழவழப்பான உடல். கைவசம் இருக்கும் கொஞ்சம் குதிரைத்திறனைக் காற்றின் இழுவைக்குப் பறிகொடுக்க அவர்களுக்கு மனம் வராது. அந்தப் பழக்கத்தில்தான் 917-க்கும் நீளமான, தாழ்ந்து சரியும் வாலைக் கொடுத்தார்கள். ஆனால் 580 குதிரைத்திறன் இருக்கும்போது கொஞ்சம் இழுவையைத் தாங்கிக்கொள்ளலாம். தூக்கும் விசையைத் தாங்க முடியாது. கணக்கு மாறிவிட்டது, கை மட்டும் பழைய கணக்கையே போட்டுக்கொண்டிருந்தது.

அதற்கு விலையும் கொடுக்க வேண்டி வந்தது. 1969 லெ மான்ஸில் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் வுல்ஃப் தன் சொந்தப் பணத்தில் வாங்கிய 917-ஓடு களம் இறங்கினார். ஓட்டுநர்கள் பாதையைக் குறுக்கே ஓடிக் கடந்து காரில் குதித்து ஏறிக் கிளம்புவதுதான் அந்தக் கால லெ மான்ஸ் வழக்கம். அந்த அவசரத்தில் பலர் பெல்ட்டைச் சரியாக மாட்டுவதில்லை. முதல் சுற்று முடியும் முன்பே, மேசோன் பிளான்ஷ் வளைவில் வுல்ஃபின் கார் கட்டுமீறிப் போய் மோதியது. அவர் இறந்தார். அதே பந்தயத்தில் விக் எல்ஃபோர்டும் ரிச்சர்ட் அட்வுட்டும் ஓட்டிய 917 சுமார் 21 மணி நேரம் வரை ஓடி, வெற்றிக்கு எட்டிய தூரத்தில் முன்னணியில் இருந்தபோது பழுதாகி நின்றது. வென்றது ஃபோர்டு ஜிடி40. நூற்றுச் சொச்சம் மீட்டர் இடைவெளியில் தோற்றவர், போர்ஷே 908-ஐ ஓட்டிய ஹான்ஸ் ஹெர்மன். அவரை மறக்க வேண்டாம், திரும்பி வருவார்.

ஆகஸ்டில் ஆஸ்திரியாவின் மலைச்சரிவில் புதிதாகக் கட்டிய ஆஸ்திரியாரிங் பாதையில் சிஃபர்ட்டும் குர்ட் ஆரன்ஸும் 917-க்கு முதல் வெற்றியைக் கொண்டுவந்தார்கள். கார் குணமாகவில்லை, ஓட்டியவர்களின் திறமையில் வென்றது.

இரண்டு மாதம் கழித்து, அக்டோபரில், அதே ஆஸ்திரியாரிங்கில்தான் எல்லாம் மாறியது. 1970 முதல் போர்ஷேயின் சார்பில் கார்களை ஓட்டும் பொறுப்பு, ஃபோர்டு ஜிடி40-ஐ லெ மான்ஸில் வெல்ல வைத்த ஜான் வையரின் இங்கிலாந்து அணிக்குப் போயிருந்தது. அவர்கள் முதன்முதலாக 917-ஐச் சோதித்துப் பார்க்க வந்திருந்தார்கள். ஜெர்மன் பொறியாளர்கள் ஸ்பிரிங்குகளை மாற்றினார்கள், சஸ்பென்ஷன் கோணங்களை மாற்றினார்கள், டயர்களை மாற்றினார்கள். கார் மசியவில்லை.

வையரின் தலைமைப் பொறியாளர் ஜான் ஹார்ஸ்மன், நின்றுகொண்டிருந்த காரைச் சுற்றி வந்து பார்த்தார். மழைக்கால இரவில் நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டியவர்களுக்கு முன்கண்ணாடி முழுக்க ஈசல் அப்பிக்கொள்வது தெரியும். அது போல ஆஸ்திரிய மலைக்காற்றில் இருந்த பொடிப் பூச்சிகள் காரின் மூக்கிலும் கண்ணாடியிலும் மோதி நசுங்கி, அந்தக் கறை உடல் முழுக்க அப்பியிருந்தது. வாலில் மட்டும் கறையைக் காணோம். காரைக் கீழே அழுத்துவதற்கென்றே வாலில் பொருத்தியிருந்த தகடுகளில் ஒரு பூச்சி கூட இல்லை. துடைத்து வைத்தது போல இருந்தன.

பூச்சி அடிக்கவில்லை என்றால் அங்கே காற்றும் அடிக்கவில்லை. ஓடும் காற்று ஓட்டுநர் தலைக்குமேல் இருக்கும் கூரையைத் தாண்டியதும், சரிந்து இறங்கும் வாலைத் தொடாமல் மேலாகவே போய்விடுகிறது. அதற்குக் கீழே செத்துக் கிடக்கும் காற்றுக்குள் நின்றுகொண்டு அந்தத் தகடுகளால் என்ன செய்ய முடியும்? பார்வைக்குப் பூச்சிக்கறை, படித்தால் காற்றின் வரைபடம்!

அப்படியானால் வாலைக் காற்று இருக்கும் உயரத்துக்குத் தூக்க வேண்டும். இங்கிலாந்து மெக்கானிக்குகள் அங்கேயே அலுமினியத் தகடுகளை வெட்டி, ரிவெட் அடித்து, டேப் ஒட்டி, நீள வாலுக்குப் பதிலாக மேல்நோக்கி ஏறும் குட்டை வால் ஒன்றைக் கட்டினார்கள். அழகு என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை, ஒட்டுப்போட்ட தகரம்தான். ரெட்மன் ஏறிப் போனார். அதுவரை ஓரிரு சுற்றில் முகம் வெளிறித் திரும்பியவர்கள் ஓட்டிய அதே காரை, அவர் நிறுத்தாமல் சுற்றிக்கொண்டே இருந்தார். திரும்பி வந்து, இப்போதுதான் இது பந்தயக் கார் ஆகியிருக்கிறது என்ற பொருளில் சொன்னார். அந்தத் தகர வாலைத்தான் போர்ஷே ஒழுங்குபடுத்தி வார்த்து, 917கே என்று பெயர் வைத்தது. கே என்பது, ஜெர்மன் மொழியில் குட்டை என்று பொருள்படும் 'குர்ட்ஸ்' என்ற சொல்லின் முதல் எழுத்து.

இந்தக் காரின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். மேதைகள் வடிவமைத்த இன்ஜினும் கோடிக்கணக்கில் பணமும் அங்கே இருந்தன. கோளாறைக் கண்டுபிடித்தது, காரைச் சும்மா ஒரு சுற்று சுற்றி வந்து கண்ணால் பார்த்த ஒரு மனிதர்.

1970-இல் உலகச் சாம்பியன்ஷிப்பின் 10 பந்தயங்களில் போர்ஷே 9-ஐ வென்றது. அதில் 7, 917-க்குச் சேர்ந்தவை. ஃபெராரியும் இதே விதியைப் பயன்படுத்தி 512எஸ் என்ற காரை 25 கட்டிக்கொண்டு வந்திருந்தும் இந்த நிலை. ஸ்பாவில் வையர் அணியின் இரண்டு 917-களை ஓட்டிய சிஃபர்ட்டும் பெத்ரோ ரோட்ரிகஸும், ஒரே அணி என்பதையும் மறந்து பக்கவாட்டில் உரசிக்கொண்டே ஓ ரூஜ் பள்ளத்துக்குள் இறங்கினார்கள். இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹேட்சில் கொட்டும் மழை. மஞ்சள் கொடி காட்டிய இடத்தில் முந்தினார் என்று ரோட்ரிகஸை நிறுத்திக் கடிந்துகொண்டார்கள். வாயைத் திறக்காமல் கேட்டுவிட்டுக் கிளம்பியவர், மற்றவர்கள் வழுக்கித் தடுமாறிய அதே தண்ணீரில் ஒவ்வொருவராக முந்தி, கடைசியில் 5 சுற்று இடைவெளியில் வென்றார். முந்தைய வருடம் நேர்ப்பாதையிலேயே நிற்காத கார் அது என்பதை நினைத்தால், ஒரு தகர வால் என்ன செய்தது என்பது விளங்கும்.

லெ மான்ஸ் மட்டும் பாக்கி இருந்தது. போர்ஷே தன் இன்ஜின் பிரிவுக்குள் வெற்றிகளைப் பார்த்திருந்தாலும், மொத்தப் பந்தயத்தையும் அதுவரை ஒரு முறைகூட வென்றதில்லை. 1970 ஜூனில் அங்கேயும் மழை. வையர் அணி நொறுங்கிப்போனது. சிஃபர்ட் முன்னணியில் இருந்தபோது ஒரு கியரைத் தவறவிட, இன்ஜின் வரம்பு மீறிச் சுழன்று போய்விட்டது. 51 கார் கிளம்பியதில் முடிவில் தரவரிசையில் இடம் பெற்றவை 7 மட்டுமே. முதலில் வந்தது, பதினைந்தாவதாகக் கிளம்பிய சிவப்பு வெள்ளை 23-ஆம் எண் கார். பியெக்கின் தாய் லூயிஸ் பியெக் ஆஸ்திரியாவில் நடத்திய போர்ஷே சால்ஸ்பர்க் நிறுவனத்துடையது அது. மற்ற 917-களில் சில புதிய 4.9 லிட்டர் இன்ஜினோடு வந்தபோது, இதில் பழைய 4.5 லிட்டரே இருந்தது. வேகத்தை நம்பாமல் மழையை மதித்து ஓட்டினார்கள்.

ஓட்டியவர்கள் இருவர். ஒருவர், முந்தைய வருடம் 21 மணி நேரம் ஓட்டிக் கைக்கெட்டியதைப் பறிகொடுத்த அட்வுட். இன்னொருவர், சில நூறு அடியில் தோற்ற ஹெர்மன். வயது 42. வென்றால் பந்தயத்தையே விட்டுவிடுகிறேன் என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தார். வென்றார், விட்டுவிட்டார்.

1971-இல் காற்று பற்றிய பாடம் முற்றிலும் வேறு இடத்துக்குப் போயிருந்தது. நீள வாலை போர்ஷே கைவிடவில்லை. லெ மான்ஸுக்கென்றே பிரான்சின் செரா நிறுவனத்தோடு சேர்ந்து, காற்று கடைசி வரை ஒட்டியே ஓடும்படி அதைத் திருத்தி வரைந்தார்கள். மற்ற நாட்களில் லாரிகள் போகும் முல்சான் நெடுஞ்சாலையில் அது 380 கி.மீ. வேகத்தைத் தாண்டியது, அதுவும் வாலைத் தூக்காமல். ஆனால் வென்றது குட்டை வால் கார் ஒன்று. ஹெல்மட் மார்கோவும் ஹைஸ் வான் லெனப்பும் ஓட்டிய அந்தக் காரின் எலும்புக்கூடு அலுமினியம் அல்ல, அதைவிட லேசான மெக்னீசியம். பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாத உலோகம். 24 மணி நேரத்தில் 5,335 கி.மீ. ஓடியது, சராசரி மணிக்கு 222 கி.மீ. இந்தத் தூரச் சாதனையை முறியடிக்க 2010-இல் ஆடி கம்பெனியின் கார் வர வேண்டியிருந்தது. நடுவில் பாதையையும் முல்சானையும் மாற்றி வேகத்தைக் கட்டுப்படுத்தினார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் 39 வருடம் சின்ன விஷயம் இல்லை.

அதே வருட முடிவோடு 5 லிட்டர் கார்களுக்குச் சாம்பியன்ஷிப்பின் கதவு மூடியது. 1972 முதல் எல்லோருக்கும் 3 லிட்டர். ரோட்ரிகஸ் அதைப் பார்க்க இல்லை; 1971 ஜூலையில் நோரிஸ்ரிங்கில் ஒரு ஃபெராரியில் இறந்தார். அக்டோபரில் சிஃபர்ட், பிராண்ட்ஸ் ஹேட்சில் ஒரு ஃபார்முலா 1 காரில். ஸ்பாவில் கதவோடு கதவு உரசிப் போனவர்கள் இருவரும் மூன்று மாத இடைவெளியில் போய்ச் சேர்ந்தார்கள்.

917 அமெரிக்கா போனது. அங்கே கேன்-ஆம் என்ற பந்தயத் தொடரில் இன்ஜினுக்கு அளவு வரம்பே கிடையாது. கூரையைக் கழற்றி, மெட்ஸ்கரின் இன்ஜினுக்கு, காற்றை அழுத்தி உள்ளே திணிக்கும் டர்போக்கள் இரண்டைப் பூட்டினார்கள். முதலில் அது மின் சுவிட்ச் போல இருந்தது: ஒன்று விசையே வராது, அல்லது மொத்தமும் ஒரே அடியாக வரும். ரோஜர் பென்ஸ்கி அணியின் மார்க் டொனஹ்யூ, படித்த பொறியாளர், ஜெர்மனிக்கே போய் உட்கார்ந்து அதை வழிக்குக் கொண்டுவந்தார். 1972-இல் சோதனை ஓட்டத்தில் அவர் காலில் பலத்த காயம் பட, ஜார்ஜ் ஃபோல்மர் அவருடைய இடத்தில் ஓட்டிச் சாம்பியன் ஆனார். 1973-இல் டொனஹ்யூவுக்காகவே கட்டிய 917/30 வந்தது: 5.4 லிட்டர், 1,100 குதிரைத்திறன், 400 லிட்டர் டாங்க். 8 பந்தயங்களில் 6-ஐ வென்றார். அடுத்த வருடமே எரிபொருளுக்குக் கட்டுப்பாடு வந்தது, காருக்கு வேலை இல்லாமல் போனது. டர்போவைப் பழக்கிய அந்த அனுபவம் மட்டும் வீணாகவில்லை. 1974-இல் வெளிவந்த 911 டர்போ சாலைக் காருக்குள் அது போய்ச் சேர்ந்தது.

கடைசியாக ஒரு முறை 917/30-ஐ வெளியே எடுத்தார்கள். 1975 ஆகஸ்ட் 9, அலபாமாவின் டல்லடேகா நீள்வட்டப் பாதை. பந்தயம் இல்லை, கடிகாரத்தோடு மட்டும் போட்டி. டொனஹ்யூ ஒரு சுற்றை மணிக்கு 355 கி.மீ.க்கும் அதிகமான சராசரியில் முடித்து, மூடிய பாதையில் உலகச் சாதனை படைத்தார்.

எட்டு நாள் கழித்து அவர் ஒரு ஃபார்முலா 1 பந்தயத்துக்காக ஆஸ்திரியாரிங்கில் இருந்தார், சிஃபர்ட் 917-க்கு முதல் வெற்றியைத் தந்த, ஹார்ஸ்மன் பூச்சிக் கறையைப் பார்த்து நின்ற அதே பாதையில். காலைப் பயிற்சியில் டயர் ஒன்று பழுதாகி, கார் தடுப்பைத் தாண்டிப் போனது. இரண்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 19 அன்று, கிராட்ஸ் நகர மருத்துவமனையில் அவர் இறந்தார்.